கைக்கு அளவான மவுஸ்

(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்த பிறகு, பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக அவரே எழுதித் தந்திருக்கிறார்.)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் ஒப்பந்தமும் பேசி முடித்துவிட்டோம். காபி வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, பேசுங்கள் மேடம் என்று செயலாளர் சார் மைக்கைக் கொடுத்துவிட்டார். தலைப்பு மவுஸ். அறிவிப்புப் பலகையில் அதைப் பார்த்துவிட்டு, பேஸ்மென்ட்டில் கார் ஒயரைக் கடிக்கிற எலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நம்பி வந்தவர்கள் இரண்டு பேர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அது அடுத்த கூட்டத்துக்கு. இது கம்ப்யூட்டர் மவுஸ். அதிலும் ஒயர் இல்லாத மவுஸ்.

நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் இன்ஜினீயரும் இல்லை. ஒரு அச்சகம், இரண்டு மருந்துக் கடை, சில மளிகைக் கடைகள் என்று தெரிந்தவர்களுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுப்பவள். மவுஸைப் பற்றி மேடையேறிப் பேசும் அளவுக்கு ஏன் ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் செப்டம்பர் மாதம். எங்கள் வேலையில் செப்டம்பர் கடைசி என்றால் தூக்கம் கிடையாது. டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு வலது கை மரத்துப்போய் விழிப்பு வரும். உதறினால் சரியாகிவிடும். ஒருக்களித்துப் படுத்ததால்தான் என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வேன். பிறகு பகலிலும் மரத்தது. குக்கர் மூடியைத் திறக்கப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் டபராவோடு காபி கையிலிருந்து நழுவியது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் துடைத்தார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அதற்கடுத்த வாரம் நான் கொடுத்த காசோலை ஒன்று கையெழுத்து மாறியிருக்கிறது என்று திரும்பி வந்தது. கணக்கு எழுதுகிறவளுக்குக் கையெழுத்தே மாறிப்போனால் பிழைப்பு என்ன ஆவது? அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்த விரலெல்லாம் மரத்துப்போகிறது?" என்பதுதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றேன். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு பட்டையான தசைநாருக்கும் நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறதாம். விரல்களை மடக்குகிற ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அந்த வழியாகத்தான் போகின்றன. அங்கே வீக்கம் வந்தால் நசுங்குவது அந்த நரம்பு. கார்ப்பல் டனல் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுண்டுவிரல் மட்டும் மரத்தால் அது வேறு நரம்பு, பெரும்பாலும் முழங்கை சமாசாரம். ஆகவே உங்களுக்கு இப்படி வந்தால் எந்த விரல் என்று கவனித்து வையுங்கள், டாக்டருக்கு உதவும்.

சர்க்கரை, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். சர்க்கரை இல்லை. தைராய்டு குறைவாக இருந்தது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். இதை வேண்டுமென்றே முதலில் சொல்கிறேன். கை மரத்துப்போகிறது என்றதும் மவுஸ் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆன்லைனில் புது மவுஸ் வாங்கி அதோடு திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது சாமான் கை நழுவ ஆரம்பித்தால், டாக்டரைப் பாருங்கள். எனக்கு மாத்திரை, ராத்திரியில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, இரண்டும் தந்தார். கடைசியில்தான் கேட்டார், "என்ன மவுஸ் வைத்திருக்கிறீர்கள்?" என்று. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது பிஸ்கட் மாதிரி இருக்கிறதே" என்றார்.

உண்மையில் பிஸ்கட் மாதிரிதான் இருந்தது. தட்டையாக, மெல்லியதாக, ரோஜா நிறத் தங்கப் பூச்சோடு. படத்தில் அழகாக இருந்ததால் வாங்கினேன். பையில் அடங்கும் என்பது இன்னொரு காரணம். ஆனால் நான் அதைப் பையில் எடுத்துக்கொண்டு எங்கே போகிறேன்? டைனிங் டேபிளிலிருந்து பெட்ரூம் வரைக்கும்தான்.

செருப்புக் கடைக்குப் போனால் என்ன செய்கிறோம்? ஆறாம் நம்பரா, ஏழாம் நம்பரா என்று கேட்டு, போட்டுப் பார்த்து, நாலடி நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். செருப்பாவது ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் காலில் இருக்கும். எட்டு மணி நேரம் கையில் இருக்கப்போகிற பொருளை அளவே பார்க்காமல் வாங்குகிறோம். எங்கள் வீட்டில் என் கணவரும் நானும் ஒரே மவுஸைப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். அவருடைய செருப்பை நான் போட்டுக்கொண்டு நடக்க மாட்டேன், இல்லையா?

இதைப் படிக்கும்போதே பிள்ளைகளின் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் மடிப்பு ரேகை இருக்கிறதே, அங்கிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து பாருங்கள். என் கை பதினாறரை சென்டிமீட்டர். என் கணவருடையது இருபதுக்குக் கொஞ்சம் குறைவு. தோராயமாகச் சொன்னால் 17 சென்டிமீட்டருக்குக் கீழே சின்னக் கை, 19-க்கு மேலே பெரிய கை, நடுவில் இருப்பது நடுத்தரம். இதை வைத்துக்கொண்டு பெட்டியின் பின்பக்கத்தில் போட்டிருக்கும் நீள அகலத்தைப் பாருங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற லாஜிடெக் எம்185 பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். சின்னக் கைக்கு நன்றாக உட்காரும். என் கணவருக்கு அது சோப்புத் துண்டு. அதே கம்பெனியின் எம்650 இரண்டு அளவில் வருகிறது. சின்னதற்கும் பெரியதற்கும் நீளத்தில் வித்தியாசம் எட்டு மில்லிமீட்டர்தான். அந்த எட்டு மில்லிமீட்டரில் பிடியே மாறிவிடுகிறது. பெரியதில் இடது கைக்காரர்களுக்கென்று தனியாகவும் ஒன்று உண்டு. நான் யாருக்கும் விளம்பரம் செய்யவில்லை. என் கையால் பிடித்துப் பார்த்தவற்றின் பெயரைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நீளத்தைவிட முக்கியமானது முதுகு. மவுஸுக்கு முதுகு இருக்கிறது. உள்ளங்கையை அப்படியே மேலே படிய வைத்துப் பிடிப்பவர்கள் உண்டு. விரல்களைக் கொக்கி போல் வளைத்துப் பிடிப்பவர்கள் உண்டு. உள்ளங்கை படாமல் விரல் நுனிகளால் மட்டும் நகர்த்துபவர்களும் உண்டு. நீங்கள் எந்த வகை என்று நாளைக்கு வேலை செய்யும்போது ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் நமக்கே தெரியாது. உள்ளங்கையைப் படிய வைப்பவருக்கு மவுஸின் முதுகு நன்றாக மேடாக இருந்து உள்ளங்கையின் குழியைத் தாங்க வேண்டும். தாங்கவில்லை என்றால் கை என்ன செய்யும்? மணிக்கட்டு மேசையில் அழுந்தும், விரல்கள் மேலே தூக்கிக்கொள்ளும். கை பின்பக்கமாக வளைந்தபடியே மணிக்கணக்கில் நிற்கும். என் பிஸ்கட் மவுஸ் எனக்குச் செய்தது இதைத்தான். நான் உள்ளங்கையைப் படிய வைப்பவள். வாங்கியது விரல் நுனிக்காரர்களுக்கான மவுஸ்.

எடையையும் பாருங்கள். லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் என்று ஒன்று இருக்கிறது, ஐடி கம்பெனிகளில் பலர் மேசையில் பார்க்கலாம். 141 கிராம். கைக்கு நல்ல தாங்கல், கட்டைவிரலுக்கு ஓர் இடம், எல்லாம் இருக்கிறது. ஆனால் அது பெரிய கைக்கானது. எம்185 பேட்டரியோடு சேர்த்தே சுமார் 75 கிராம்தான். மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த வித்தியாசம் சாயங்காலத்தில் தெரியும். தள்ளிக்கொண்டே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

இப்போது எல்லோரும் கேட்பது, நெட்டுக்குத்தாக நிற்கிற மவுஸ். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. யாரோ கைகுலுக்க வருகிறார்கள் என்று நினைத்து வலது கையை நீட்டுங்கள். கட்டைவிரல் மேலே இருக்கிறது. இப்போது இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையைக் கீழே திருப்புங்கள். உள்ளே ஏதோ முறுக்கிக்கொள்வது தெரிகிறதா? முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. கைகுலுக்கும் நிலையில் அவை ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். உள்ளங்கை தரையைப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக விழும். சாதாரண மவுஸைப் பிடித்திருக்கும் நேரம் முழுக்க நாம் அந்த முறுக்கலோடுதான் இருக்கிறோம். நெட்டுக்குத்து மவுஸ் அந்த முறுக்கலைக் குறைக்கிறது. லாஜிடெக்கின் லிஃப்ட் என்ற மவுஸில் சாய்வு 57 டிகிரி, சிறிய, நடுத்தரக் கைகளுக்கென்றே செய்தது, இடது கைக்கும் கிடைக்கிறது. நான் இப்போது பாதி நாள் பயன்படுத்துவது அதைத்தான்.

ஆனால் முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. கிளிக் செய்யும்போது விரல் பக்கவாட்டில் அழுத்துவதால் மவுஸே நகர்ந்துவிடும். எக்செல்லில் ஒரு கட்டத்தைக் குறிவைத்தால் பக்கத்துக் கட்டத்தில் போய் விழும். காபி டம்ளரை எடுக்கக் கையை நீட்டினால் மவுஸ் கவிழும். இரண்டு வாரம் பொறுத்தேன், பிறகு பழகிவிட்டது. பொறுக்க முடியாமல் பரணில் போட்டுவிட்டவர்களும் நம் பிளாக்கிலேயே இருக்கிறார்கள். அது அவர்கள் தப்பு இல்லை. படம் வரைகிறவர்களுக்கும் போட்டோவில் நுணுக்க வேலை செய்கிறவர்களுக்கும் அது சரிப்படாமல் போகலாம்.

டிராக்பால் இன்னொரு வகை. மவுஸ் நகராது, மேலே இருக்கிற உருண்டையைச் சுழற்ற வேண்டும். இடமே இல்லாத மேசைக்கும் தோள்வலிக்காரர்களுக்கும் நல்லது. ஆனால் கட்டைவிரலால் உருட்டுகிற வகையில் வேலை முழுவதும் கட்டைவிரலுக்குப் போய்விடும். போனில் டைப் செய்து செய்து ஏற்கெனவே கட்டைவிரலின் அடியில் வலி இருப்பவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம். ஆள்காட்டி விரலால் உருட்டுகிற வகையும் இருக்கிறது.

அடுத்ததை நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன். ஏனென்றால் எனக்கு வலி குறைந்ததில் பாதிப் பங்கு புது மவுஸுக்கு இல்லை, அது இருக்கிற இடத்துக்கு.

நம் வீடுகளில் அலுவலக மேசை எத்தனை பேருக்கு இருக்கிறது? பெரும்பாலும் டைனிங் டேபிள்தான். அது சுமார் 75 சென்டிமீட்டர் உயரம். என்னைப்போல் ஐந்தடி உயரம் இருப்பவருக்கு டைனிங் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை மேசை மட்டத்துக்குக் கீழே போய்விடும். கை மேசையின் மேல் ஏறவேண்டும் என்றால் தோளைத் தூக்க வேண்டும். நாள் முழுக்கத் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எந்த மவுஸ் என்ன செய்யும்? நான் நாற்காலியில் ஒரு கெட்டியான திண்டு போட்டேன். கால் தரையில் எட்டவில்லை என்பதால் பூஜை அறையிலிருந்த பழைய மணையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மாமியாருக்கு அதில் சம்மதம் இல்லை, பிறகு வேறு பலகை வாங்கினோம். முழங்கை மேசை மட்டத்துக்கோ அதற்குச் சற்று மேலேயோ வர வேண்டும், அதுதான் கணக்கு.

இரண்டாவது, தூரம். தனி கீபோர்டு வைத்திருப்பவர்கள் அதன் வலது கோடியைப் பாருங்கள். எண்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அது மவுஸைத் தள்ளி விடுகிறது. கை உடம்பை விட்டு விலகிப் போய்ப் பிடிக்கிறது. எண் பகுதி தேவையில்லாதவர்கள் அது இல்லாத சின்னக் கீபோர்டு வாங்கிக்கொள்ளலாம். எனக்கு எண்கள்தான் பிழைப்பு, விட முடியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மவுஸை இடது கைக்கு மாற்றிவிட்டேன். வலது கை எண்களைத் தட்டும், இடது கை மவுஸைப் பிடிக்கும். முதல் மூன்று நாள் எல்கேஜிக் குழந்தை கோடு போடுகிற மாதிரி இருந்தது. பத்து நாளில் பழகிவிட்டது. இப்போது மதியம் வரை இடது கை, அதற்குப் பிறகு வலது கையில் லிஃப்ட். இப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற மவுஸ் வேண்டும். வலது கைக்கென்றே வளைத்துச் செய்தது உதவாது. அதனால் நான் அதிக விலை மவுஸ் ஒன்று வாங்குவதைவிட மலிவான சமச்சீர் மவுஸ் ஒன்றும் வளைந்தது ஒன்றுமாக இரண்டு வைத்துக்கொள்வதே மேல் என்று நினைக்கிறேன். இது என் அபிப்பிராயம்.

டேலியில் பழகியவர்களுக்குத் தெரியும், அதில் மவுஸைத் தொடாமலே நாள் முழுக்க வேலை செய்யலாம். எல்லாம் கீபோர்டிலேயே நடக்கும். இணையதளத்தில் படிவம் நிரப்பத் தொடங்கும்போதுதான் கை மவுஸுக்குப் போகிறது. அதிலும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு டேப் சாவியை அழுத்திப் போகலாம். கிளிக்குகள் பாதியாகக் குறையும்.

மூன்றாவது, கண்ணாடி. நம் குடியிருப்பில் டைனிங் டேபிள் வாங்கியவர்களில் பாதிப் பேர் கண்ணாடி மேசைதான் வாங்கியிருக்கிறோம். மவுஸின் அடியில் இருக்கிற சின்னக் கேமரா மேசைப் பரப்பை ஓயாமல் படம் எடுத்து, போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன நகர்வு என்று ஒப்பிட்டுத்தான் அம்புக்குறியை நகர்த்துகிறது. தெளிந்த கண்ணாடியில் ஒப்பிட ஒன்றுமே இருக்காது. அம்புக்குறி தத்தித் தத்திப் போகும். மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து நாம் அதை இறுக்கிப் பிடித்து இழுப்போம். விலை உயர்ந்த சில மவுஸ்கள் நாலு மில்லிமீட்டருக்குக் குறையாத கண்ணாடியில் ஓடும். அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம், ஒரு துணி மவுஸ் பேட் போதும். நான் கொஞ்ச நாள் பையனின் பழைய லாங் சைஸ் நோட்டைப் போட்டு ஓட்டினேன், அதுவும் நன்றாகத்தான் ஓடியது. மணிக்கட்டுக்கு மெத்தை வைத்த பேட் மட்டும் வேண்டாம் என்பேன். நரம்பு போகிற இடத்திலேயே அது அழுத்துகிறது.

இனி ஒயர் இல்லாத விஷயம். மவுஸை முதலில் செய்தபோது அதற்கு வால் இருந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் சொல்ல, பில் இங்கிலிஷ் 1964-ல் ஒரு மரக்கட்டைக்குள் இரண்டு சக்கரங்களை வைத்துச் செய்தார். 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அதைக் கூட்டத்துக்கு முன்னால் இயக்கிக் காட்டினார்கள். வால் போனதால் நமக்கு என்ன லாபம் என்றால், ஒயர் கையை இழுக்காது. மவுஸை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைக்கலாம், இடது கைக்கு மாற்றலாம், சோபாவுக்கு எடுத்துப் போகலாம்.

சங்கடமும் உண்டு, அதிலும் அடுக்குமாடியில். சின்ன ரிசீவரைச் செருகுகிற மவுஸும் புளூடூத் மவுஸும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. பழைய வைஃபை ரவுட்டரும் அதே அலைவரிசைதான். என் ஹாலில் நின்று போனில் பார்த்தால் இருபதுக்கு மேல் வைஃபை பெயர்கள் தெரிகின்றன. மேலே, கீழே, எதிர்வீடு, எல்லோருடையதும். மவுஸ் திணறினால் முதலில் உங்கள் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். அடுத்து, ரிசீவரை எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நீல நிற யு.எஸ்.பி. 3.0 துளையில் ஹார்டு டிஸ்க் போன்ற ஒன்று வேலை செய்துகொண்டிருந்தால், அதிலிருந்தும் இதே அலைவரிசையில் இரைச்சல் வரும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறது. ரிசீவரை மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வையுங்கள். எங்கள் அச்சக முதலாளி இரண்டு மவுஸைத் தூக்கி எறிந்த பிறகுதான் இதைக் கண்டுபிடித்தோம்.

ரிசீவர் நகம் அளவுதான் இருக்கும். தொலைந்தால், மலிவான மவுஸ்களில் பெரும்பாலும் மவுஸும் போனது போலத்தான். பயன்படுத்தாத நேரத்தில் பேட்டரி மூடிக்குள் அதற்கென்று இருக்கிற இடத்தில் செருகி வையுங்கள். லேப்டாப்பில் புளூடூத் இருந்தால் புளூடூத் மவுஸ் வாங்குவது இந்தக் கவலையைத் தீர்க்கும். பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் புளூடூத் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சத்தம் வராத கிளிக் உள்ள மவுஸ் வாங்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே அறையில் குழந்தை தூங்கும்போது அந்த டிக் டிக் எவ்வளவு பெரியது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். நான் சொன்ன எம்650, லிஃப்ட் இரண்டும் சத்தம் குறைந்தவைதான்.

வாங்கும் இடம். முடிந்தால் ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய்வாருங்கள். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாகக் கடைகள். பெட்டியைப் பிரித்துக் கையில் கொடுப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கொடுக்கிற கடையில் நின்றபடி பிடித்துப் பார்க்காதீர்கள், ஒரு ஸ்டூல் கேட்டு உட்காருங்கள். முழங்கையை மடக்கி, கவுன்ட்டரில் வைத்து, ஐந்து நிமிஷம் சும்மா நகர்த்துங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் எங்கே போகின்றன என்று கவனியுங்கள். அவை மேசையில் உரசிக்கொண்டு இழுபட்டால் மவுஸ் உங்களுக்குக் குறுகல். சக்கரத்தை உருட்ட ஆள்காட்டி விரலை நீட்ட வேண்டியிருந்தால் நீளம் அதிகம். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும் பாருங்கள். 'ரிட்டர்ன்' என்று போட்டிருக்கிறதா, 'ரீபிளேஸ்மென்ட்' மட்டுமா? இரண்டாவது என்றால் கைக்குச் சரியில்லை என்று திருப்ப முடியாது, அதே மவுஸைத்தான் மறுபடி அனுப்புவார்கள்.

கூட்டத்தில் வந்த கேள்விகளில் மூன்றை இங்கே சேர்க்கிறேன்.

ஏ பிளாக் அங்கிள் ஒருவர், வயது எழுபத்தெட்டு, "எனக்குக் கை லேசாக நடுங்கும், டபுள் கிளிக் விழவே மாட்டேன் என்கிறது, எந்த மவுஸ் வாங்கட்டும்?" என்று கேட்டார். எதுவும் வாங்க வேண்டாம் அங்கிள். ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு கீபோர்டில் என்டரைத் தட்டுங்கள், அதே வேலை நடக்கும். விண்டோஸில் மவுஸ் அமைப்புக்குள் போனால் டபுள் கிளிக் வேகத்தைக் குறைக்கலாம், அம்புக்குறியின் வேகத்தைக் குறைக்கலாம், அம்புக்குறியைப் பெரிதாக்கலாம். அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய் மாற்றிக் கொடுத்தோம். பேரனுக்கு அனுப்பிய முதல் மெயிலின் நகலை எனக்கும் அனுப்பியிருக்கிறார்.

கல்லூரி போகிற பிள்ளை ஒருவன், "ஆன்ட்டி, கேமிங் மவுஸ் வாங்கினால் கைக்கு நல்லதா? இருபதாயிரம் டிபிஐ போட்டிருக்கிறதே" என்றான். அந்த எண்ணுக்கும் கைவலிக்கும் சம்பந்தம் இல்லை. டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அம்புக்குறி எவ்வளவு தூரம் ஓடும் என்பதைச் சொல்கிற எண். சாதாரண வேலைக்கு ஆயிரம், ஆயிரத்து அறுநூறு போதும். ஆனால் கேமிங் மவுஸ்களில் எடை குறைவாக, நல்ல உருவத்தில் செய்தவை இருக்கின்றன என்பது உண்மை. கலர் விளக்கைப் பார்க்காதே, அளவைப் பார்.

மூன்றாவது, பேட்டரி. எத்தனை மாதம் வரும் என்று கேட்டார்கள். ஒரு நல்ல ஆல்கலைன் பேட்டரி பல மாதம் ஓடும். மலிவான கார்பன் பேட்டரி போட்டுவிட்டு மறந்துபோனால் உள்ளேயே கசிந்து கம்பியை அரித்துவிடும். தீர்ந்த பேட்டரியை மக்கும் குப்பையில் போடாதீர்கள். செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் பேட்டரிக்கென்று ஒரு டப்பா வைக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். செயலாளர் சார் தலையை ஆட்டியிருக்கிறார், மினிட்ஸில் ஏறியதா என்று தெரியவில்லை.

என் கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: ராத்திரி மரத்துப்போவது நின்று நாலு மாதம் ஆகிறது. குக்கர் மூடியை நானே திறக்கிறேன். தைராய்டு மாத்திரை தொடர்கிறது.

இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் ஐந்து மவுஸ் சேர்ந்துவிட்டது, பிஸ்கட்டையும் சேர்த்து. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்தையும் கிளப் ஹவுஸ் மேசையில் வைத்திருப்பேன். ஸ்கேலும் இருக்கும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றையும் பிடித்துப் பாருங்கள். இடது கைக்காரர்கள் அவசியம் வரவும்.